இரண்டாம் பக்கத்தில் இருந்த பெயர்

புதன்கிழமை காலை ஒன்பது மணி. நைரோபியில், நியாயோ மைதான நிறுத்தத்தில் மழைக்குள் நின்றிருந்த அந்தப் பதினான்கு இருக்கை மட்டாட்டு வண்டியில் இருந்தவர்கள் இவர்கள்: ஓட்டுநர். அவர் பக்கத்தில், மடியில் கேக் பெட்டியோடு ஒரு பெண் போலீஸ். அந்தப் பெட்டியையே பார்த்தபடி ஒரு பெரியவர். இரண்டாம் வரிசையில் வங்கிச் சீருடையில் மூன்று பேர். மூன்றாம் வரிசையில் ஒரு பாதிரியார், அவர் மனைவி, அவர்களுடைய சுருட்டிய கம்பளம். கதவில், பாதி உள்ளேயும் பாதி மழையிலுமாக நடத்துநர். கடைசி வரிசையில் ஒரே இயர்போனைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு மாணவிகள், ஜன்னலோரம் நஃபுலா, நடுவில் ஓர் இருக்கை முழுவதையும் பிடித்துக்கொண்டு அவளுடைய மடிக்கணினிப் பை.

அந்தப் பைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"இவங்க காசு குடுத்துட்டாங்களா?"

நஃபுலா நிமிர்ந்தாள். உயரமாய், முழுக்க நனைந்து, ஒரு கையில் சுட்ட சோளத்தோடு ஒருவன் பையைக் காட்டி நடத்துநரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். புருவத்தில் மழைத்துளி வரிசையாய் நின்றது... அதற்குக் கீழே, சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"கேட்டா எடுக்கமாட்டேனா? அதுக்கு ஏன் ஊரைக் கூட்டணும்?" என்று பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊரைக் கூட்டலைங்க. உள்ள இருக்கிறதே பதிமூணு பேருதான்."

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்பதைவிடப் பாய்ந்தது. நெரிசலைப் பார்த்ததும் ஓட்டுநர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நடைபாதையில் ஏற்றினார். பாதிரியார் கர்த்தரைக் கூப்பிட்டார். நஃபுலா கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது அவன் மணிக்கட்டு.

"பயமா இருக்கா?"

"பயம் இல்ல. கணக்கு." கையை விடுவித்துக்கொண்டாள். "இந்த ரோட்டுல தினமும் வர்றதுக்கு விமானத்துல போறது எவ்வளவோ மேல்."

"எந்தக் கம்பெனி விமானம்?"

"அதைத்தான் இன்னிக்குப் பத்து மணிக்குச் சொல்லப்போறேன்."

"அடேங்கப்பா... எப்படிச் சொல்வீங்க? ஜோசியமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. யாராவது அவள் வேலையைக் கேலி செய்தால் அவளால் பொறுக்க முடியாது. "ஒரு கம்பெனி பத்து வருஷத்துல எத்தனை தடவை புறப்பட்டுச்சு, அதுல எத்தனை தடவை உயிர் போச்சு... ரெண்டையும் வகுத்தா ஒரு எண் வரும். அந்த எண் பொய் சொல்லாது."

"தடவை எதுக்கு? பறந்த மணி நேரத்தை எடுத்தா என்ன?"

"விபத்து பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் வருது. மேல போய் மணிக்கணக்கா மிதக்கிறவங்களுக்கு மணியால வகுத்தா எண் அழகாத்தான் வரும். நாங்க போற வடக்குல பாதிப் பயணம் அரை மணி நேரம். ஏறினா இறங்கணும். அதனால புறப்பாட்டால வகுக்கணும்."

அவன் சோளம் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். கேலி போயிருந்தது.

"உங்க பேரு?"

"நஃபுலா."

"லுஹியா இனமா? மழைக்காலத்துல பிறந்தவங்களா?"

"ஜன்னலைப் பாருங்க. இன்னிக்குத்தான் பிறந்தநாள்."

"வாழ்த்துகள்! என் பேரு ஏகிரு. எங்க துர்கானா மொழியில அதுக்கும் அர்த்தம் மழைதான். ஆனா எங்க ஊர்ல மழை எப்பவாச்சும்தான் வரும், அதனால என்னைக் கண்டா எல்லாரும் கொண்டாடுவாங்க. உங்க ஊர்ல தினமும் பெய்யுது... உங்களை யாரு மதிக்கிறா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில், சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டாள்.

"மதிக்கிறாங்களா இல்லையான்னு இன்னிக்குப் பாருங்க. ஒரு கம்பெனியையே பட்டியல்ல இருந்து எடுக்கப்போறேன். பத்து லட்சத்துக்குப் பதினொண்ணு! அப்படி ஒரு எண்ணை வச்சுக்கிட்டு யாரையும் ஏத்திக்கிட்டுப் போகக்கூடாது."

ஏகிருவின் உதடுகள் மெல்ல அசைந்தன. பத்து லட்சத்தைப் பதினொன்றால் வகுத்துப் பார்க்கிறான் என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தொண்ணூறாயிரம், சொச்சம். பாதிச் சோளத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான்.

வில்சன் விமான நிலையத்துக்கு எதிரே இருவரும் இறங்கினார்கள். "நீங்களும் இங்கதானா?" என்றாள் குடையை விரித்தபடி.

"ஆமா. பத்து மணிக்கு ஒரு கூட்டம்." அவள் கண்களை நேராகப் பார்த்தான். "நான் சுகுட்டா ஏர்ல பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பதினொண்ணு... நாங்கதாங்க."

*

வடக்கே மருந்தும் உணவும் கொண்டு செல்லும் ஏழு நிவாரண அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். அதில் பெயர் இருக்கும் நிறுவனத்தின் விமானத்தில் மட்டுமே அவர்களுடைய ஆட்கள் ஏறலாம். நான்கு வருடமாக அந்தப் பட்டியலைத் தயாரிப்பவள் நஃபுலா. ஒவ்வொரு வருடமும் கடைசி வரியாக அவளே தட்டச்சு செய்து கையெழுத்திடும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இப்பட்டியலில் உள்ள எந்த நிறுவனத்தோடும், அதன் ஊழியர் எவரோடும் எனக்கு எவ்வித உறவும் இல்லை.'

பத்து மணிக் கூட்டத்தில், பட்டியல் குழுவின் தலைவி மேடம் செப்கோரிர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். "கொரோங்கோ ஏர்: அறுபதாயிரம் புறப்பாடு, உயிர்ச்சேத விபத்து இல்லை, பூஜ்யம். சுகுட்டா ஏர்: தொண்ணூறாயிரம், விபத்து ஒன்று. பத்து லட்சத்துக்குப் பதினொன்று. வடக்கு முழுவதையும் கொரோங்கோவுக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரை... சுகுட்டாக்காரங்க ஏதாவது சொல்லணுமா?"

ஏகிரு எழுந்தான். சட்டை இன்னும் காயவில்லை.

"ஒரே ஒரு கேள்வி மேடம். பட்டியல் போட்டவங்க அந்த விபத்தோட விசாரணை அறிக்கையில ரெண்டாம் பக்கத்தைப் படிச்சாங்களா?"

எல்லாத் தலைகளும் நஃபுலாவின் பக்கம் திரும்பின. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சேன்."

"படிச்சிருந்தா இதை எங்க பேர்ல எழுதியிருக்கமாட்டாங்க!" அவன் குரல் உயர்ந்தது. "எங்ககிட்ட நாற்பத்திரண்டு பேரு வேலை பாக்குறாங்க. உங்களுக்கு அது ஒரு எண். சின்ன விமானத்துல ஒரு தடவையாவது ஏறியிருக்கீங்களா நீங்க? இங்க உக்காந்து செத்தவங்களை எண்ணுறது சுலபம்..."

நஃபுலாவின் முகம் வெளிறியது.

"போதும், ஏகிரு. உக்காருங்க," என்றார் மேடம். "பட்டியலைத் திருத்த கம்பெனிக்கு உரிமை இல்லை. போட்டவங்கதான் திருத்த முடியும். அதுவும் கையெழுத்தோட, ஒட்டின உறையில, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள என் மேசைக்கு வரணும். ஈமெயில் வேண்டாம். வரலைன்னா இதுதான் முடிவு."

*

அவள் சொன்னது பொய்.

பத்து வருடத்தில் நாற்பத்தொரு விபத்துகள். நாற்பது அறிக்கைகளை வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுத்திருந்தாள். பதினேழாம் எண் நீலக் கோப்பை மட்டும் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. அதன் மூன்றாம் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும். அங்கே நெகேசா என்று ஒரு பெயர் இருக்கும்... அவளுடைய அக்கா. தாதி. எட்டு வருடத்துக்கு முன், துர்கானா பக்கம் ஒரு மண் ஓடுதளத்தில் இறங்கத் தெரியாமல் இறங்கிய விமானத்தில் போனவள்.

அடுத்த நாள் நாளிதழில் வந்த படம் இன்னும் அவள் கண்ணுக்குள் நின்றது. மணலில் செங்குத்தாய் நின்ற சிவப்பு வால். அதில் வெள்ளை எழுத்தில்: சுகுட்டா. வேறென்ன படிக்க வேண்டும்?

கூட்டம் கலைந்த பிறகு நஃபுலா அலமாரியைத் திறந்தாள். நீலக் கோப்பை எடுத்தாள். மேசையில் வைத்தாள். மறுபடி அலமாரியில் வைத்தாள். 'உனக்கு வெட்கமா இல்லையா? அடுத்தவங்க அழுத நாற்பதையும் படிச்சே... உன்னோடதுன்னா மட்டும் கண்ணை மூடிக்குவியா?' என்று தனக்குள்ளேயே அதட்டிக்கொண்டு கோப்பை வெளியே இழுத்தாள். நின்றபடியே பிரித்தாள்.

இரண்டாம் பக்கம், நான்காவது வரி. விமானத்தின் உரிமையாளர்: சுகுட்டா ஏர். அந்த ஆண்டு விமானத்தை வாடகைக்கு எடுத்து, தன் உரிமத்தில், தன் விமானிகளைக் கொண்டு இயக்கியவர்: கொரோங்கோ ஏர். வால் வர்ணம் மாற்றப்படவில்லை.

யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது கணக்கில்லை. யார் ஓட்டினார்கள் என்பதே கணக்கு. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் அவளே சொல்லித்தரும் விதி அது. வாலைப் பார்த்துக் கணக்கு எழுதியிருந்தாள் அவள்.

விரலால் பக்கத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தையும் படித்தாள்... ஐந்து பெயர்கள். நான்காவது பெயரின் மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"ஏகிருவா? நாளைக்குக் காலைல வில்சன் ஆவண அறைக்கு வரமுடியுமா? ஒரு காகிதத்தை நம்பி எழுதினது போதும். புறப்பாட்டுப் பதிவேட்டையும் பார்த்துட்டுத்தான் இனி எழுதுவேன்."

"சோளம் வாங்கிட்டு வரவா... இல்ல இன்னும் கோபமா?"

"கோபம்தான். வாங்கிட்டு வாங்க."

*

ஆவண அறையில் தூசியும் பழைய மையும் மணத்தன. எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை இருவரும் மேசையில் விரித்தார்கள். ஏகிரு தேதி தேடினான், அவள் வரி தேடினாள். மே பதினான்கு, காலை ஆறு ஐம்பது. அழைப்புப் பெயர்: கொரோங்கோ மூன்று. உள்ளே இருப்பவர்கள்: ஐந்து.

"இதோ," என்றான் அவன் வெற்றிக் குரலில். "இப்ப என்ன சொல்றீங்க?"

அவள் அந்த 'ஐந்து' என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சுல ஒருத்தி எங்க அக்கா."

ஏகிருவின் கை பதிவேட்டின் மேலேயே நின்றுவிட்டது. நேற்றுக் கூட்டத்தில் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவன் முகத்தில் வந்து விழுவதை அவள் பார்த்தாள்.

"செத்தவங்களை எண்ணுறது சுலபம்னு..." நாற்காலியிலிருந்து எழுந்து, தலை குனிந்து நின்றான். "நஃபுலா... நான் என்ன சொல்றது? என்னை அடிச்சாக்கூட வாங்கிக்குவேன்."

"அடிச்சா கை வலிக்கும். உக்காருங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாது. நானும் யார்கிட்டயும் சொல்லலை. ஆபீஸ்ல சொல்லியிருந்தா இந்த வேலையையே குடுத்திருக்கமாட்டாங்க."

வெளியே ஒரு விமானம் ஓடுதளத்தில் உறுமி எழுந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"இன்னொண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முந்தி எங்க விமானம் ஒண்ணு மழையில வழுக்கி ஓடுதளத்தை விட்டு வெளிய போச்சு. சக்கரம் உடைஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. யாரும் சாகாததால உங்க கணக்குல அது வராது. ஆனா நடந்துச்சு. இதையும் எழுதிக்கோங்க."

நஃபுலா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கிறுக்கா? நாளைக்கு மதியம் உங்க கம்பெனியோட தலையெழுத்து. இப்பப் போய் இதைக் குடுக்குறீங்க?"

"எங்களை உண்மையான எண்ணோட பட்டியல்ல போடுங்கன்னுதான் கேட்டேன். நல்ல எண்ணோட போடுங்கன்னு கேட்கலை."

மழை திடீரென்று வலுத்தது. தகரக் கூரைமேல் ஆயிரம் விரல்கள் தாளம் போட்டன. அவன் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவள் பதிவேட்டைப் பார்த்தாள். பதிவேட்டில் எந்த எழுத்தும் தெரியவில்லை... 'ஐயோ, நஃபுலா. இது எந்தக் கணக்குல வரும்?'

"சோளம் ஆறிப்போச்சு," என்றான் அவன் மெதுவாக.

"பரவாயில்ல. குடுங்க."

*

அன்று மதியம் வெபுயே ஊரில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எட்டு வருடமாகச் சுகுட்டா என்ற பெயரைக் கேட்டாலே அம்மா எழுந்து போய்விடுவாள். இன்று எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள்.

"பேரு மாறினா என் நெகேசா திரும்பி வரப்போறாளா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குடி இதைத் தோண்டுறே? உன் வேலை போயிட்டா?"

"அந்த இன்னொரு கம்பெனிக்கு முழு வடக்கையும் குடுக்கச்சொல்லி நான் எழுதியிருக்கேம்மா. பூஜ்யம்னு போட்டு. அதுல நாளைக்கு ஒரு தாதி ஏறுவா."

"அப்ப எழுதுடி. நானும் தப்பான ஆளைத்தானே இத்தனை வருஷம் திட்டியிருக்கேன்... யாருடி அந்தப் பையன்? மூணு நிமிஷத்துல ஆறு தடவை அவன் பேரைச் சொல்லிட்டே."

"எண்ணுனியாம்மா?"

"நீ யாரு பொண்ணு?"

*

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால். வில்சன் எதிரே சிற்றுண்டிக் கடையில், இரண்டு கோப்பைத் தேநீருக்கும் எண்ணெயில் பொரித்த ஒரு தட்டு மண்டாசிக்கும் நடுவே, நஃபுலா ஒரு கடிதத்தை நகர்த்தினாள்.

"ஒரு கையெழுத்து வேணும் உங்ககிட்ட."

"என்கிட்டயா? கம்பெனிக்கு உரிமை இல்லைன்னாங்களே..."

"கடைசிப் பத்தியில உங்க பேரு வருது. பேரு வந்தா அந்த ஆளு படிச்சுட்டு, உண்மைன்னு கையெழுத்துப் போடணும். விதி அது. முதல்ல இருந்து படிங்க."

ஏகிரு படித்தான்.

'மதிப்புக்குரிய மேடம் செப்கோரிர் அவர்களுக்கு,

ஒன்று. பதினேழாம் எண் விபத்தைச் சுகுட்டா ஏரின் பெயரில் எழுதியது என் தவறு. விமானத்தை இயக்கியது கொரோங்கோ ஏர். அறிக்கையின் இரண்டாம் பக்கமும் புறப்பாட்டுப் பதிவேட்டின் நகலும் இத்துடன். திருத்திய எண்: சுகுட்டா பூஜ்யம், கொரோங்கோ பத்து லட்சத்துக்குப் பதினாறு புள்ளி ஏழு.

இரண்டு. சுகுட்டாவின் பூஜ்யத்தைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். தொண்ணூறாயிரம் முறையில் உயிர் போகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அவர்களே தந்த ஒரு சறுக்கல் நிகழ்ச்சியின் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

மூன்று. கூட்டத்தில் அறிக்கையைப் படித்தேன் என்று நான் சொன்னது பொய். படிக்கவில்லை. இறந்தவர்களில் என் அக்கா நெகேசாவும் ஒருவர். இதை நான்கு வருடங்களுக்கு முன்பே தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.'

"'எழுத்துப் பிழை'ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாமே நஃபுலா," என்றான் தணிந்த குரலில். "இப்படித் தன்னைத்தானே..."

"மேல படிங்க."

'நான்கு. வழக்கமாக நான் எழுதும் கடைசி வாக்கியத்தை இந்த வருடம் என்னால் எழுத முடியவில்லை. சுகுட்டா ஏரின் பாதுகாப்பு அதிகாரி திரு. ஏகிருவின் மேல் எனக்கு அன்பு உண்டு. இது புதன்கிழமை தொடங்கியது, வியாழக்கிழமை உறுதியானது. ஆகவே மேற்கண்ட எண்களை இவ்விஷயத்தில் சம்பந்தமில்லாத வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்றும், இந்தப் பட்டியலிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.'

ஏகிரு நான்காவது பத்தியை மறுபடி படித்தான். மூன்றாவது தடவையும் படித்தான். அந்த ஒளிக்கத் தெரியாத கண்கள் இப்போது சிரிக்கவில்லை... நிறைந்திருந்தன.

"இங்க... 'நட்பு'ன்னு போட்டிருக்கலாமே? வேலையாவது மிஞ்சும்."

"போட்டா அது பொய்யாயிடும். இந்த வாரத்துக்கு ஒரு பொய் போதும்." தேநீர்க் கோப்பையை ஓரமாய் நகர்த்தினாள். "உண்மை இல்லைன்னு தோணுச்சுன்னா நீங்க அடிச்சுடலாம். உங்க உரிமை."

"என்கிட்ட பேனா இல்லையே."

அவள் பேனாவை நீட்டினாள். அவன் வாங்கினான். எதையும் அடிக்கவில்லை. நான்காவது பத்தியின் ஓரத்தில், பள்ளிப் பிள்ளையைப் போல அழுத்தி அழுத்தி எழுதினான்: 'படித்தேன். உண்மை. என் தரப்பிலும் அதேதான். ஆனால் என்னுடையது புதன்கிழமையே உறுதி, மட்டாட்டு நடைபாதையில் ஏறியபோது.' கீழே கையெழுத்து. தேதி. நேரம்.

"நேரம் எதுக்கு?"

"பதிவேடுன்னா நேரம் வேணும்ல?"

நஃபுலா சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க மறந்து சிரித்தாள். பிறகு, செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். கடிதத்தை மூன்றாக மடித்தாள். இரண்டாம் பக்கத்தின் நகல், பதிவேட்டின் நகல், சறுக்கல் குறிப்பு, மூன்றையும் சேர்த்து உறைக்குள் வைத்தாள். பசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவி ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே தன் பெயரை எழுதினாள்.

வெளியே சாலை நெரிசலில் உறைந்திருந்தது; பைக் மட்டும்தான் நேரத்துக்குப் போகும். கடை வாசலில் மழைச்சட்டை போட்ட கூரியர்க்காரர் பைக்கை உதைத்து முடுக்கினார். "எங்கம்மா போகணும்?"

"லங்காட்டா ரோடு, ரெண்டாவது மாடி, மேடம் செப்கோரிர். அவங்க கையிலதான் குடுக்கணும். பன்னிரண்டுக்கு முன்னால."

உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு சேர்த்துச் சட்டையைப் பூட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். மணி பதினொன்று நாற்பது. நஃபுலாவின் குடை மூடியே கிடந்தது. பைக்கின் சிவப்பு விளக்கு நெரிசலுக்குள் நுழைந்து மறையும்வரை, மழையில் இருவரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள்.